பொறுப்பில் இல்லாதவர்களுக்கு ஒரு பொறுப்பு

நம்மாழ்வார் ஐயாவைப் பற்றிப் பேசுகிற கூட்டங்களில் ஒரு கதை தவறாமல் வரும். கோவில்பட்டி மண்டல வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் அரசு வேலை பார்த்தார், அங்கே நடக்கிற ஆராய்ச்சி ஏழை உழவனுக்கு உதவாது என்று கண்டதும் வேலையை உதறிவிட்டு வெளியே வந்தார் என்று. சொல்கிறவர் அந்த இடத்தில் குரலை உயர்த்துவார். நாமும் கைதட்டுவோம்.

கதை உண்மைதான். ஆனால் நாம் கைதட்டுவது அந்தக் கதையின் கடைசி நாளுக்கு. 1963-ல் வேலைக்குச் சேர்ந்தவர் 1969-ல்தான் வெளியே வந்தார். நடுவில் ஆறு வருஷம் கிடக்கிறது. பருத்திக்கும் சிறுதானியத்துக்கும் எத்தனை இடைவெளி விடுவது, எவ்வளவு உரம் போடுவது என்று அங்கே சோதனை நடந்தது. வானத்தைப் பார்த்து விதைக்கிற கரிசக்காட்டு விவசாயி கலப்பின விதைக்கும் உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் எங்கே போவான் என்ற கேள்வி அவருக்கு வந்தது. ஆராய்ச்சியின் திசையைத் திருப்ப வேண்டும் என்று கருதினார். கூட வேலை பார்த்தவர்கள் காதில் அது ஏறவில்லை. அவர் அந்த நிலையத்தின் இயக்குநர் அல்ல. பதவியில்லாமல் ஓர் அமைப்புக்குள் நின்றுகொண்டு மாற்றம் கேட்டவர். அது நடக்காமல் போன பிறகுதான் கிளம்பினார்.

கிளம்பியதும் நேரே தலைவராகிவிடவும் இல்லை. நோபல் பரிசு பெற்ற டொமினிக் பியர் பாதிரியார் தொடங்கிய 'அமைதித் தீவு' அமைப்பில் சேர்ந்து, நம்ம களக்காடு வட்டாரத்தில் பத்து வருஷம் வேலை பார்த்தார். வெளியிலிருந்து வாங்குகிற இடுபொருளை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவுக்கு உழவன் பிழைப்பான் என்பது அவருக்குத் தெளிவானது களக்காட்டில்தான். மேடையில் நாம் பார்த்த பச்சைத் தலைப்பாகை எல்லாம் அதற்கு ரொம்பப் பின்னாடி.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், வேலையை விட்ட கதையையே திரும்பத் திரும்பச் சொல்லி, அமைப்பு சரியில்லை என்றால் வெளியேறுவதுதான் வீரம் என்று நம்ம பிள்ளைகளுக்குப் பழக்கிவிட்டோம். அரசு அலுவலகம் என்றால் ராஜினாமாக் கடிதம் கொடுக்கலாம். நம்ம சங்கம், நம்ம குழு, நம்ம உற்பத்தியாளர் நிறுவனம் சரியில்லை என்றால் யாரிடம் கொடுப்பது? உழவர்கள் சங்கத்தை விட்டு வெளியேறுவதற்குக் கடிதம் எழுதுவதில்லை. கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிடுவார்கள், அவ்வளவுதான். பிறகு அதே அஞ்சு பேர் கூடி, அதே டீயைக் குடித்து, அதே தீர்மானத்தில் கையெழுத்துப் போடுவார்கள். கேட்டால், "தலைவர் பாத்துக்கிடுவாரு."

கடந்த இருபத்தைந்து வருஷத்தில் நமக்கு எத்தனை அமைப்புகள் வந்துவிட்டன! 2000-ல் வந்த சட்டப்படி பாசன அமைப்புகளுக்கு நீரைப் பயன்படுத்துவோர் சங்கம். 2002-க்குப் பிறகு கம்பெனிச் சட்டத்தின் கீழ் உற்பத்தியாளர் நிறுவனம். இயற்கை விவசாயத்துக்குச் சான்று தர, குறைந்தது அஞ்சு உழவர் சேர்ந்த பி.ஜி.எஸ். குழு. இவை எல்லாவற்றிலும் தலைவர், செயலாளர், இயக்குநர் என்று நாற்காலிகள் இருக்கின்றன. நாற்காலியில் இருப்பவர்களைப் பற்றி இந்த இதழில் நிறைய எழுதியாயிற்று. தரையில் உட்கார்ந்திருக்கிறவர்களைப் பற்றி நான் எழுதுகிறேன். நானும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு ஊர் குலசேகரன்பட்டினம். 2024 பிப்ரவரி 28-ல் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியதிலிருந்து வெளியூர்க்காரர்களுக்கு எங்க ஊர்ப் பெயர் சொன்னால் தெரிகிறது. அதுவரைக்கும் முத்தாரம்மன் தசராவைச் சொல்லித்தான் புரியவைக்கணும். தேரி மணல், பனை, முருங்கை, கொஞ்சம் தென்னை, இதுதான் எங்க விவசாயம். தாமிரபரணியின் பழைய எட்டு அணைக்கட்டுகளில் கடைசியான ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பிரிகிற தண்ணீர், வாழைக்காடுகளையும் வயல்களையும் தாண்டி எங்க பக்கம் எட்டிப் பார்த்தால் அந்த வருஷம் திருவிழா. பனைக்கு அந்தக் கவலை கிடையாது.

எங்க வட்டாரத்தில் பனைத் தொழில் குடும்பங்கள் சேர்ந்து ஒரு உற்பத்தியாளர் நிறுவனம் வைத்திருக்கிறோம். பெயர் வேண்டாம். கருப்பட்டியை வியாபாரியிடம் போடாமல் நாமே சேர்த்து விற்பது என்பதுதான் நோக்கம். வாரம் இரண்டு நாள் சேகரிப்பு. ஓலைப்பெட்டியில் வருகிற கருப்பட்டியை எடை போட்டு, ஒரே குவியலாகக் கொட்டி, ஒரே விலைக்கு அனுப்புவோம். இங்கேதான் நோய் தொடங்கியது. பத்து லிட்டர் பதநீரைக் காய்ச்சினால் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல கருப்பட்டி தேறும். அதே பாகில் சீனியைக் கொட்டினால் எடை ஏறும், விறகு மிச்சம். குவியலில் விழுந்த பிறகு எது யார் காய்ச்சியது என்று கடவுளுக்கும் தெரியாது. சுத்தமாகக் காய்ச்சியவருக்கும் கலந்தவருக்கும் ஒரே விலை. அப்புறம் சுத்தமாகக் காய்ச்சுகிறவன் பைத்தியக்காரன்தானே.

ஒரு வருஷம் மதுரை இயற்கை அங்காடி ஒன்றிலிருந்து மொத்தச் சுமையும் திரும்பி வந்தது. உடைத்தால் உள்ளே சீனி பளபளவென்று மின்னுகிறது என்றார்கள். இயக்குநர் குழு கூடியது. கலப்படம் செய்தால் உறுப்பினர் நீக்கம் என்று தட்டச்சு செய்து எடைக்கருவிக்கு மேலே ஒட்டினார்கள். ஒருத்தரையும் நீக்கவில்லை. யாரென்று தெரிந்தால்தானே நீக்க? 2023-ல் உடன்குடி கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லாரும் சந்தோஷப்பட்டோம். நல்லதுதான். ஆனால் குறியீடு ஊர்ப் பெயரைக் காப்பாற்றும். எந்த விடிலியில், எந்தச் சட்டியில் சீனி விழுந்தது என்று அது வந்து எட்டிப் பார்க்காது.

இந்த நோய்க்கு வைத்தியம் பார்த்தது ஒரு பனையேறியின் மனைவி. இயக்குநர் இல்லை, எந்தக் குழுவிலும் பொறுப்பு இல்லை, எட்டாம் வகுப்புக்கு மேல் படிப்பும் இல்லை. வீட்டுக்காரர் விடியற்காலையில் இறக்குகிற பதநீரைக் காய்ச்சுவது அந்த அக்கா வேலை. கருப்பட்டி ஊற்றுகிற சிரட்டைகளின் உட்புறத்தில் கத்தி முனையால் மூன்று கோடு கீறிவைத்தார். ஆறின பிறகு தட்டி எடுத்தால் ஒவ்வொரு கருப்பட்டியின் முதுகிலும் மூன்று வரி எழும்பி நிற்கும். குவியலில் கொட்டினாலும் அது அவர் காய்ச்சியதுதான் என்று தெரியும். எடை போடுகிற பையன், "என்னக்கா இது?" என்று கேட்டதற்கு, "எம் பிள்ளைக்கு மச்சம் வச்சுருக்கேன், தொலைஞ்சா கண்டுபிடிக்கணும்லா" என்றாராம்.

அறிவிப்பு இல்லை, பேச்சு இல்லை. அடுத்த மாதமே அங்காடிக்காரர் போனில், "மூணு கோடு போட்டது தனியா இருக்குமா?" என்று கேட்டார். எங்க அலுவலகத்தில் முதலில் எரிச்சல்தான் வந்தது. ஒருத்தர் சரக்கை மட்டும் தனியாகப் பிரித்தால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று. நினைக்கட்டுமே! மற்றவர்கள் நினைத்தார்கள். பக்கத்து விடிலியில் ஒரு பெருக்கல் குறி வந்தது. இன்னொரு வீட்டில் பிறை. பதநீர்க் காலம் முடிகிற ஆடிக்குள் பாதிக் குடும்பங்களுக்கு ஒரு குறி இருந்தது. குறி இல்லாத கருப்பட்டிதான் இப்போது பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

இத்தோடு நிறுத்தியிருந்தால் இது ஒரு சாமர்த்தியக் கதை. அந்த அக்கா அதற்கு மேலே ஒரு காரியம் செய்தார். குறி போடாத வீடுகளுக்குப் போனார். திட்டுவதற்கில்லை, ஏன் என்று கேட்க. கிடைத்த பதில் இயக்குநர் குழுவில் ஒருநாளும் பேசப்படாதது: நிறுவனம் கருப்பட்டிக்குப் பணம் தர நாற்பது நாளாகிறது, வியாபாரி அன்றைக்கே தருகிறான். நாற்பது நாள் வீட்டில் உலை வைக்கணுமே. வியாபாரியிடம் முன்பணம் வாங்கினால் அவனுக்கும் சரக்குக் கொடுக்கணும், நிறுவனத்துக்கும் கொடுக்கணும். இறங்குகிற பதநீர் இரண்டுக்கும் காணாது. அங்கே நுழைந்ததுதான் சீனி. கலப்படக்காரன் என்று நாம் பெயர் வைத்தவர்களில் பலர் கடன்காரர்கள்.

ஆறு குடும்பங்களுக்கு அவர் ஒரு நோட்டுப் போட்டார். என்றைக்குச் சரக்குக் கொடுத்தது, என்றைக்குப் பணம் வந்தது. இரண்டே பத்தி. ஒரு பருவம் முழுக்க எழுதினார். பொதுக்குழுவில் அறிக்கை எல்லாம் வாசித்து முடித்து, "வேற விஷயம் இருக்கா?" என்று சம்பிரதாயத்துக்குக் கேட்கிறபோது எழுந்து அந்த நோட்டை வாசித்தார். குற்றம் சொல்லவில்லை. தேதிகளை மட்டும் வாசித்தார். மாசி இருபதாம் தேதி கொடுத்தது, பங்குனி இருபத்தெட்டு வந்தது. பங்குனி நாலு, சித்திரை பன்னிரண்டு. இப்படியே போகப்போக முன்வரிசையில் நாற்காலிகள் நெளிய ஆரம்பித்தன. ஏழு நாளில் பணம் என்ற தீர்மானம் அன்றைக்கு நிறைவேறியது. அதற்காக ஒரு சுழல்நிதி ஒதுக்கினார்கள். சீனி முழுக்க நின்றுவிட்டதா என்றால் இல்லை. சரக்குத் திரும்பி வருவது நின்றது.

பதவி இல்லாதவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவர் முதலில் கைவைத்தது தன்னுடைய சிரட்டையில். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். "எல்லாரும் குறி போடணும்" என்று முதல் நாளே தீர்மானம் கொண்டுவந்திருந்தால், அதை ஆராய ஒரு துணைக்குழு போட்டு, இன்றைக்கும் ஆராய்ந்துகொண்டிருப்பார்கள். இரண்டாவது அந்த நோட்டு. கோபமாகப் பேசுகிறவரை உட்காரச் சொல்லலாம், தேதியை உட்காரச் சொல்ல முடியாது. ஆனால் இதையெல்லாம்விடப் பெரியது, கலப்படம் செய்தவர்களை எதிரியாக்காமல் அவர்கள் தரப்பில் போய் நின்றது. தலைவராக இருப்பவர் இதைச் செய்வது கடினம். அவர் வாசலில் வந்து நின்றாலே விசாரணை என்றுதான் தோன்றும்.

இங்கே இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தசராவுக்கு எங்க ஊரில் வேடம் கட்டுகிற கடை முதலாளியும் தட்டேந்தி வீடு வீடாகக் காணிக்கை கேட்பார். அவர் கடையில் மூட்டை சுமக்கிறவர் காளி வேடத்தில் வந்தால் முதலாளி காலில் விழுவார். அப்படிப் பழகின ஊர், சங்கக் கூட்டம் என்று வந்தால் மட்டும் யார் முன்வரிசை, யார் பின்வரிசை என்று அளந்து பார்க்கிறது. இது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

அக்கா கதையைக் கேட்டுவிட்டு, "அது சின்ன ஊர், சின்ன விஷயம். பெரிய இடத்தில் நடக்குமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். காசர்கோடு லீலாகுமாரி அம்மாவை அவருக்குச் சொன்னேன். கேரள வேளாண்மைத் துறையில் வேளாண் உதவியாளர். அந்தத் துறையின் ஏணியில் கீழ்ப்படி. பெரியா கிராமத்தில் அவர் வீட்டைச் சுற்றிலும் அரசுத் தோட்டக்கழகத்தின் முந்திரிக்காடு. எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து அங்கே ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். காட்டுக்குத் தெளித்தது கிணற்றிலும் கூரையிலும் விழுந்தது. அரசு ஊழியர், எதிரில் நிற்பதும் அரசின் நிறுவனம். மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருக்க எல்லா நியாயமும் அவருக்கு இருந்தது. அவர் 1998-ல் ஓசதுர்க் முன்சீப் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தடை வாங்கினார். 2000-க்குப் பிறகு அங்கே ஹெலிகாப்டர் தெளிக்கவில்லை. 2011 ஏப்ரலில் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகள் எண்டோசல்பானை விலக்க முடிவெடுத்தன. மே 13-ல் நம்ம உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. இது எல்லாம் ஒருவரால் நடந்ததில்லை. மருத்துவர்கள், பத்திரிகையாளர்கள், பாதிக்கப்பட்ட தாய்மார்கள் என்று ஆயிரம் கைகள் பட்டது. ஆனால் தோட்டக்கழகத்தின் கையைக் கோர்ட்டில் முதலில் பிடித்தது அந்தக் கீழ்ப்படி ஊழியர். வேலையை விட்டுவிட்டு அல்ல, வேலையில் இருந்துகொண்டே.

நம்மாழ்வார் ஐயா வெளியேறியதைச் சொல்கிற மேடையில் இந்த அம்மா உள்ளேயே நின்றதையும் சொல்லணும் என்பது என் கட்சி. இன்றைக்கு நம் இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் எத்தனையோ பேர் வேளாண் துறையில் உதவி அலுவலராகவும், கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராகவும், ரேஷன் கடையில் எடையாளராகவும் இருக்கிறார்கள். "நான் சின்ன ஆளு, என்னால என்ன முடியும்?" என்று அவர்கள் கேட்கும்போது வேலையை விட்டுவிடுங்கள் என்று நாம் சொல்ல முடியாது. வீட்டில் அடுப்பெரியணும்.

மாற்றம் கொண்டுவந்தவர் போன பிறகு என்ன ஆகும் என்பது அடுத்த கவலை. இதற்கு நெல் ஜெயராமன் அண்ணன் விட்டுப்போன பாடம் நமக்குத் தெரிந்ததுதான், ஆனால் அதை விதை விஷயமாக மட்டுமே பார்க்கிறோம். 2003-ல் பூம்புகாரிலிருந்து கல்லணை வரை ஐயாவோடு நடந்தவர். அரசுப் பதவி எதுவும் இல்லாதவர். 160-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டார். 2006-லிருந்து திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தினார். வருகிற உழவருக்கு இரண்டு கிலோ விதை, அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பித் தரணும். எனக்கு இந்த இரண்டுக்கு நாலு என்ற கணக்குதான் பெரிய விஷயம். விதையை வைத்திருக்கிற தனி மனிதர் மேல் யாரும் சாய்ந்திருக்க வேண்டாதபடி அதை ஒரு வழக்கமாக்கிவிட்டார். 2018 டிசம்பர் 6-ல் அவர் மறைந்தார். நாலு கிலோவைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய உழவன் கடன் அதோடு மறையவில்லை.

ஆகவே, தரையில் உட்கார்ந்திருக்கிறவர் ஒரு நல்ல காரியத்தைத் தொடங்கினால், அதை எவ்வளவு சீக்கிரம் விதியாக எழுதவைக்கிறோமோ அவ்வளவு நல்லது. உற்பத்தியாளர் நிறுவனத்தில் இதற்கு வழி இருக்கிறது, நம்மவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒரு உறுப்பினருக்கு ஒரு ஓட்டுத்தான். நூறு பங்குக்காரருக்கும் ஒன்று, ஒரு பங்குக்காரருக்கும் ஒன்று. ஆண்டுப் பொதுக்குழுவுக்குப் பதினாலு நாளாவது முன்னாடி அறிவிப்புத் தரணும். கால்வாசி உறுப்பினர் இல்லாமல் கூட்டம் செல்லாது. நாம் வராமல் இருப்பதால் கூட்டம் நின்றுபோவதும் இல்லை, வராதவர்கள் வீட்டுக்கு நோட்டு கையெழுத்துக்கு வருகிறது, நாமும் போட்டுக் கொடுக்கிறோம். இந்தக் கையெழுத்தை நிறுத்தினாலே பாதி மாறும். பி.ஜி.எஸ். குழுவிலும் இதே கதைதான். ஒருவர் நிலத்தை மற்றவர் போய்ப் பார்த்துத்தான் சான்று. தலைவர் தோப்பில் களைக்கொல்லி வாசம் அடித்தால், பார்க்கப் போன சாதாரண உறுப்பினர் கையெழுத்துப் போடாமல் திரும்பலாம். பி.ஜி.எஸ். முறை அந்த அதிகாரத்தை அவர் கையில்தான் கொடுத்திருக்கிறது. போடாமல் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். மறுநாள் அவர்கள் வயலுக்குத் தண்ணி வருவதில் தாமதம் ஆனதையும் தெரியும். அதனால் இதை லேசான காரியம் என்று நான் சொல்லமாட்டேன். தனியாகப் போகாதீர்கள், இரண்டு பேராகப் போங்கள் என்பேன்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, அது நாற்காலிக்காரர்களுக்கு ரொம்ப வசதியானது. "பதவி எதுக்கு? சேவை மனசு இருந்தா போதும்" என்று மேடையில் புகழ்வார்கள். அந்தப் புகழ்ச்சியில் பாதி, கூலி கொடுக்காமல் வேலை வாங்குவதற்கு. அதிலும் பெண்கள் என்றால் கேட்கவே வேண்டாம். எங்க நிறுவனத்தில் இன்றைக்குக் குறி ஏடு பராமரிப்பது அந்த அக்காதான். சேகரிப்பு நாள் இரண்டும் காலையிலிருந்து மத்தியானம் வரை எடைக்கருவி பக்கத்தில் நின்று, யார் குறி, எவ்வளவு எடை என்று எழுதுகிறார். காய்ச்சுகிற வேலை சாயங்காலத்துக்குத் தள்ளிப்போகிறது. பதநீர் காத்திருக்குமா? நேரம் போனால் புளிக்கும். அவருக்குச் சம்பளம் கிடையாது. ஆண்டறிக்கையில் "குறியிடும் முறை நிர்வாகத்தின் முயற்சியால் அறிமுகம் செய்யப்பட்டது" என்று அச்சாகியிருக்கிறது. இதை அவரிடம் காட்டினேன். "பேரு யாருக்குப் போனா என்ன அண்ணாச்சி, பணம் ஏழு நாள்ல வருதுல்லா" என்றார். பெரிய மனசு. எனக்கு அந்த அளவுக்கு இல்லை. யார் தொடங்கினார் என்று எழுதிவைக்காத அமைப்பில் அடுத்தவர் எதற்குத் தொடங்குவார்?

வருகிற ஆவணியில் எங்களுக்குப் பொதுக்குழு. இரண்டு தீர்மானம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். குறி ஏட்டையும் ஏழு நாள் பணத்தையும் உள்விதியில் சேர்க்கணும், நிர்வாகம் மாறினாலும் மாறாதபடிக்கு. இது ஒன்று. ஏடு எழுதுகிறவருக்கு, அது யாராக இருந்தாலும், சேகரிப்பு நாளுக்குப் பெண் கூலி ஆண் கூலி என்று பார்க்காமல் ஒரு நாள் கூலி தரணும், முறையைத் தொடங்கியவர் பெயரை நடவடிக்கைக் குறிப்பில் எழுதணும். இது இரண்டாவது. முதல் தீர்மானத்துக்கு இயக்குநர்கள் சம்மதம் சொல்லிவிட்டார்கள். இரண்டாவதுக்கு நிதி இல்லை என்கிறார்கள். கூலிக்கு நிதி இல்லை என்பது புரிகிறது, பெயர் எழுதுவதற்கு எவ்வளவு செலவாகும் என்று கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. முப்பது வீட்டுக்காரர்கள் கூட்டத்துக்கு நேரில் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நோட்டு வீட்டுக்கு வந்தால் கையெழுத்துப் போடமாட்டோம் என்றும்.